வி-லான் பிரிப்பது எப்படி: சில வேண்டாத யோசனைகள்

ஆபீஸ் நெட்வொர்க்கை வி-லான் போட்டுப் பிரிக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? நல்லது. ஒரே வாரத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத ஆளே ஆபீஸில் இருக்க மாட்டார்.

எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1998-ல் வந்த 802.1க்யூ தரம், ஈத்தர்நெட் ஃப்ரேமில் 4 பைட் டேக் ஒன்றைச் செருகி, அதில் வி-லான் எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியது. 0, 4095 இரண்டையும் கழித்தாலும் 4094 மிச்சம். பிறகென்ன சிக்கனம்? அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று, அதன் மேனேஜருக்கு ஒன்று, அவருடைய பிரின்டருக்கு ஒன்று. 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'புதுசு' என்று பெயர் வையுங்கள். எதையும் எழுதி வைக்காதீர்கள். எழுதிவைத்தால் உங்களுக்கு லீவு கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வி-லானிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரவுட்டரோ லேயர் 3 ஸ்விட்சோ வேண்டும். யார் யாரிடம் போகலாம் என்று ஆக்சஸ் லிஸ்ட் எழுதவேண்டிய இடம் அதுதான். நீங்கள் எழுதாதீர்கள். கெஸ்ட் வைஃபையில் காபி குடித்துக்கொண்டிருப்பவர் சம்பள சர்வரின் கதவைத் தட்டட்டும். ஆடிட்டர் வந்தால் நெட்வொர்க் வரைபடத்தைக் காட்டுங்கள். கலர் கலராகப் பெட்டிகள் இருந்தால் அவருக்குத் திருப்தி.

டிஎச்சிபி ரிலேயை மறந்துவிடுவது நல்லது. ஐபி கேட்டு கம்ப்யூட்டர் போடும் சத்தம் ப்ராட்காஸ்ட். அது தன் வி-லானைத் தாண்டாது. டிஎச்சிபி சர்வர் வேறு வி-லானில் நிம்மதியாக இருக்கும். மறுநாள் காலையில் விண்டோஸ் மெஷின்களெல்லாம் 169.254 என்று தொடங்கும் ஐபியைத் தாமே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "சார், நெட் வரலை" என்று போன் வந்தால், கேபிளைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள்.

நேட்டிவ் வி-லானை ட்ரங்கின் ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்று வைக்கலாம். டேக் இல்லாத ஃப்ரேம் ஒரு வி-லானில் ஏறி இன்னொன்றில் இறங்கும். சிஸ்கோ ஸ்விட்ச் கன்சோலில் புலம்பும். அதன் சுபாவம் அப்படி.

இவையெல்லாம் சில்லறை. உச்சக்கட்டத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டின் கடைசியில் இருக்கும் குடோன் ஸ்விட்சுக்குள் உங்கள் சீட்டிலிருந்தே லாகின் செய்யுங்கள். ட்ரங்கில் ஏற்கெனவே 10, 20, 30 போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக 40 வேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வி-லான்' என்று அடித்து, 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டு, 40 போட்டு என்டரைத் தட்டுங்கள். பழைய பட்டியல் அழிந்து 40 மட்டும் நிற்கும். நீங்கள் உள்ளே போனது 10 வழியாக என்றால், ஸ்க்ரீன் அப்படியே உறைந்துவிடும்.

சில பயந்தாங்கொள்ளிகள் முன்கூட்டியே 'ரீலோட் இன் 10' என்று அடித்து வைப்பார்கள். தவறு நடந்தால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, கடைசியாக சேவ் செய்த கான்ஃபிகுக்குத் திரும்பிவிடும். உங்களுக்கு எதற்கு அதெல்லாம்? கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு குடோனுக்கு நடங்கள். லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. யூஎஸ்பி கன்வெர்ட்டரை யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பார்கள். குடோன் சாவி வைத்திருப்பவர் அஞ்சரை மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.