ரீஸ்டார்ட் சார்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸானும், 2012-ல் டெய்ம்லரும் வந்தன. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்தப் பெரிய பலகைகள் மட்டுமே கண்ணில் படும். இவற்றுக்குப் பிராக்கெட்டும் ரப்பர் புஷ்ஷும் ஒயரிங்கும் செய்து அனுப்பும் சின்ன கம்பெனிகள் சிப்காட்டின் உள்சாலைகளில் இருக்கின்றன. அவற்றின் ஸ்டோர்ஸ் மேசைக்கடியில் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர் கிடக்கும். அதற்குப் பெயர் ‘சர்வர்’. லேபிள் அடிப்பது, டிஸ்பாட்ச் என்ட்ரி போடுவது எல்லாம் அதற்குள் ஓடும் ஒரு வெப் பக்கத்தில்தான். அதைக் காப்பவர் ரீஸ்டார்ட் சார். விசிட்டிங் கார்டில் ‘ஐடி எக்ஸிக்யூட்டிவ்’ என்று இருந்தாலும், சிசிடிவி கேமரா, கைரேகை வருகைப்பதிவு, சிக்கிக்கொண்ட பிரின்டர், எம்டி வீட்டு வைஃபை எல்லாமே அவர் இலாகா. ஐடி கார்டு கயிற்றில் ஒரு பென் டிரைவ், பின்பாக்கெட்டில் கிரிம்பிங் டூல். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று திரையில் வந்ததும் ஷிஃப்ட் இன்சார்ஜ் அவருக்குப் போன் அடிப்பார். அவர் கதவருகே நின்றபடியே, திரையைப் பார்க்காமல் கேட்கும் முதல் கேள்வி: “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?”

கேள்வியில் தப்பில்லை. திரையில் எழுதியிருப்பதை அவர் படிப்பதே இல்லை என்பதுதான் என் வழக்கு. மறுப்பையும் மௌனத்தையும் அவர் ஒன்றாக்கிவிடுகிறார். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து “அவர் இல்லீங்க” என்று குரல் வந்தால் இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது: விலாசம் சரி, வீட்டில் யாரோ இருக்கிறார்கள். ‘மறுக்கப்பட்டது’ என்பது அந்தக் குரல்தான். கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, நம் கோரிக்கை அதுவரை போய்ச் சேர்ந்தும் விட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் காது கொடுக்க எந்த புரோகிராமும் இல்லை. இல்லாத இணைப்பைத் தேடி வருகிறவருக்கு ‘ரீசெட்’ என்று உடனே சொல்லி அனுப்ப வேண்டும் என்பதை 1981 செப்டம்பரில் வெளியான டிசிபி விதிமுறையே எழுதி வைத்திருக்கிறது. பயப்பட வேண்டியது பதிலே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்துக்குத்தான். மறுப்போ படிக்க வேண்டிய பதில். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரை, அவர் உபதேசம் கேட்டுப் போன குரு திருக்கோட்டியூர் நம்பி பலமுறை திருப்பியனுப்பி, பதினெட்டாவது நடையில்தான் ஏற்றுக்கொண்டார் என்கிறது குருபரம்பரைக் கதை. வாசலில் நின்று ‘நான்’ என்றவர், மறுப்பின் பொருளை யோசித்து ‘அடியேன்’ என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் கதவு திறந்ததாம். ரீஸ்டார்ட் சார் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறார். ஆனால் பதினெட்டு முறையும் அதே பட்டனைத்தான் அமுக்குகிறார்.

சர்வரிலேயே உட்கார்ந்து 127.0.0.1 என்று அடித்தும் மறுப்பு வந்தால், குற்றவாளிகளில் முக்கால்வாசிப் பேரை அங்கேயே விடுதலை செய்துவிடலாம். அந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வருவதேயில்லை. கேபிள், ஸ்விட்ச், ரவுட்டர் எதற்கும் இதில் பங்கில்லை. ஆனால் ரீஸ்டார்ட் சார் கேபிளை உருவி, முனையை வாயால் ஊதி, மறுபடி சொருகுவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு அதில் ஒரு திருப்தி உண்டு. நிஜக் காரணம் பெரும்பாலும் கொஞ்சம் அவமானகரமாக இருக்கும். சாப்ட்வேர் போட்டுக் கொடுத்த ஆள் அதை முறையான சர்வீஸாக நிறுவாமல், டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானை வைத்து, அதை டபுள் கிளிக் செய்தால் கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும்படி விட்டுப் போயிருப்பார். அந்த விண்டோதான் சர்வர். யாராவது திரையைச் சுத்தமாக்கும் நல்லெண்ணத்தில் அதை மூடினால் கதை முடிந்தது. (மானிட்டரில் ‘இதை மூட வேண்டாம்’ என்று செல்லோடேப்பில் சீட்டு ஒட்டியிருந்தால், அந்தக் கம்பெனியில் ஒருமுறையாவது மூடியிருக்கிறார்கள் என்று பொருள்.) இல்லாவிட்டால் 80-ஆம் போர்ட்டை வேறு ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கும்: விண்டோஸின் ஐஐஎஸ், எஸ்கியூஎல் ரிப்போர்ட்டிங் சர்வீஸ், ஒரு காலத்தில் ஸ்கைப்கூட. சர்வர் ‘சாம்ப்’ (XAMPP) தொகுப்பில் ஓடினால், அதன் கன்ட்ரோல் பேனல் அதைச் சிவப்பு எழுத்தில், பிடித்திருக்கும் புராசஸின் எண்ணோடு, சொல்லியே விடுகிறது. சிவப்பைப் பார்த்ததும் நம்மவர் பேனலை மூடிவிடுவார்.

“ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே?” என்று ஷிஃப்ட் இன்சார்ஜ்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல நேரம் சரியாகவும் ஆகிறது. ஏன் ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விழுந்து கிடந்த புரோகிராம் கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுகிறது. எதனால் விழுந்தது என்ற தடயம் மட்டும் போய்விடுகிறது. எந்த எண் கொண்ட புராசஸ் எந்தப் போர்ட்டைப் பிடித்திருந்தது என்று நெட்ஸ்டாட்டில் பார்த்திருக்கலாம், இனி முடியாது. லாக் ஃபைல் தப்பித்திருக்கும், ஆனால் அதைத் திறக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சர்வீஸின் தொடக்க முறை ‘மேனுவல்’ என்று இருந்தாலோ ரீஸ்டார்ட்டுக்கே வேலையில்லை. கரன்ட் போய், ஜென்செட் ஓடத் தொடங்கும் இடைவெளியில் யுபிஎஸ் கைவிட்டால், ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் எழும், சர்வீஸ் தூங்கும். ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்ற நாலு கிளிக் போதும். ஆனால் மூன்றாம் முறை பூட் ஆகும் வரை கையைக் கட்டி நிற்பதை வேலையாகப் பார்க்கிறவர்கள், நாலு கிளிக்கை வேலையாகப் பார்ப்பதில்லை.

அடுத்த ஆயுதம் ஃபயர்வால். “ஆஃப் பண்ணிடுவோம் சார், எல்லாம் வந்துடும்.” இங்கே அவர் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. விண்டோஸ் ஃபயர்வால் ஓடும்போது, வேறு கம்ப்யூட்டரிலிருந்து வருகிற கோரிக்கைக்கு, ஆளில்லாத போர்ட்டிலிருந்தும் மௌனம்தான் கிடைக்கும். எனவே லைனில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு புரோகிராம் விழுந்ததா, ஃபயர்வால் தடுத்ததா என்று தெரியாது. ஆனால் அதற்கு வைத்தியம் சுவரை இடிப்பதல்ல, எழுந்து போய் சர்வரிலேயே ஒருமுறை சோதிப்பது. அங்கே பக்கம் வந்து, வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்றால், புரோகிராம் 127.0.0.1-ல் மட்டும் காது வைத்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தேவையான ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தால் தீர்ந்தது. முழுதாக அணைத்தால் என்ன நுழையும் என்று இந்த வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை, 445-ஆம் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அது அடித்த இடங்களில் ஒரகடத்து ரெனோ-நிஸான் ஆலையும் ஒன்று என்று அப்போது செய்தி வந்தது. அங்கே யாரும் ஃபயர்வாலை அணைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்துவிட்டது. உலகம் முழுக்கப் பலர் அதைப் போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். அப்டேட் என்றால் ரீஸ்டார்ட் கேட்குமே. ரீஸ்டார்ட் சார் செய்யத் தயங்கும் ஒரே ரீஸ்டார்ட் அது.

லாரி கேட்டில் நிற்கும்போது, லேபிள் இல்லாமல் சரக்கு ஏறாதபோது, ஆராய்ச்சிக்கு நேரம் எங்கே என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. நெட்ஸ்டாட் பார்க்க அரை நிமிடம் போதும், பூட் ஆக அதைவிட நேரம் பிடிக்கும் என்பது என் பதில். இருந்தும் முழுப் பழியையும் அவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. அட்மின் பாஸ்வேர்டு சாப்ட்வேர்காரரிடம், சாப்ட்வேர்காரர் ஏஎம்சி புதுப்பிக்காத கோபத்தில், கையேடு யாரிடமும் இல்லை. போதாக்குறைக்கு, விசைப்பலகையில் அமைதியாக உட்கார்ந்து லாக் படிக்கிற ஐடி ஆளைப் பார்த்தால் பிளான்ட் மேனேஜருக்கு ரத்தம் கொதிக்கும். கேபிளை உருவுகிறவர்தான் அவர் கண்ணுக்கு உழைக்கிறார். தப்பித்தவறி ஒருநாள் இவரே போர்ட் மோதலைக் கண்டுபிடித்து, 8080-க்கு மாற்றி, ஐந்து நிமிடத்தில் பக்கத்தை வரவைத்தாலும், பின்னாலிருந்து “என்ன சார், ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?” என்றுதான் குரல் வரும். “ஆமா சார்” என்பார். பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் ‘சிஸ்டம் ப்ராப்ளம்’ என்றும், நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘ரீஸ்டார்ட்’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.