அழகி, ஆனால் பிடிமானம் இல்லை!

கேள்வி: கடையில் நிகான் இஸட் எஃப்சி கேமராவைப் பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. அழகை நம்பி வாங்கலாமா?

பதில்: தூக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. 1982-ல் வந்த எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் சாயலில் 2021-ல் வந்த பேத்தி இது. முகம் அப்படியே பாட்டி! மேலே ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம், எக்ஸ்போஷர் திருத்தம் என்று மூன்று வட்டுகள். ஷட்டர் வட்டை 125-லிருந்து 250-க்குத் திருகினால் ஒளி பாதியாகும் என்பதை விரலே கற்றுக்கொள்ளும். கற்றுக்குட்டிக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. 20.9 மெகாபிக்சல், 4கே வீடியோ, பக்கவாட்டில் விரிந்து சுழலும் திரை, பேட்டரியோடு சேர்த்தே அரைக் கிலோவுக்குள் எடை. ஊர் சுற்ற உற்ற துணை.

இனி குறைகள். முன்பக்கம் பிடிமானம் இன்றித் தட்டை; பெரிய லென்ஸை மாட்டினால் மணிக்கட்டு அழும். உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு கிடையாது. உடன் வரும் 16-50 லென்ஸில் உண்டு. அழகுக்காகப் பலர் மாட்டும் 28 எம்எம் லென்ஸில் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் மூச்சடக்கிக் கிளிக் செய்ய வேண்டும். மெமரி கார்டுக்கு ஒரே துளை, அதுவும் அடியில். கார்டு பழுதானால் மாற்றுப் பிரதி இருக்காது என்பதால், கல்யாணத்துக்குக் கூலி வாங்கிப் படம் எடுப்பவர் இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. தாலி கட்டும் காட்சி இரண்டாம் முறை வராது.

தெரு, பயணம், வீட்டுக் குழந்தைகள் என்றால் தாராளமாக வாங்குங்கள். கையில் எடுக்கத் தூண்டும் கேமராதான் நிறையப் படம் எடுக்கும். வாங்குமுன் கடையில் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கண் சொன்ன சம்மதத்தைக் கையும் சொல்லட்டும்.