காந்தம் வலிப்பை அடக்குமா?

கேள்வி: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்களே, மூளைக்குக் காந்தத் தூண்டல் தரும் சிகிச்சையும் அந்த ரகம்தானா?

பதில்: இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். பேர் மட்டும் சாவிக்கொத்தின் இரும்புக்குப் போய்ச் சேர்கிறது. காந்தத் தூண்டலின் அடிப்படையோ, 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதி: மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும். 1985-இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் தலைமேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் கையை அசைய வைத்தார்கள்.

வேகம்தான் இதில் சூட்சுமம். நொடிக்கு ஐந்து, பத்து என்று விரைந்து வரும் காந்தத் துடிப்புகள் பொதுவாக நரம்பணுக்களை உசுப்பும். நொடிக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாக வந்தால் அடக்கும். வலிப்புக்கு வேண்டியது இந்த நிதானம்.

பலன்? மூளையின் மேற்பரப்பில், சுருளுக்கு எட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் வலிப்பின் ஊற்று இருந்தவர்களிடம் சில ஆய்வுகள் வலிப்பில் நல்ல குறைவைக் கண்டன. வேறு சில, போலிச் சிகிச்சையைவிட மேலாக எதையும் காணவில்லை. 2008-இல் இந்தச் சிகிச்சையை மனச்சோர்வுக்கு அனுமதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வலிப்புக்கு இன்னும் அனுமதிக்கவில்லை. ஆனாலும் முயற்சி வீணல்ல: வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மருந்து போதிய பலன் தருவதில்லை, அறுவை சிகிச்சை எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை.

அரிதாக, இந்தத் தூண்டலே வலிப்பை வரவழைக்கலாம். காதுக்குள் காக்ளியர் கருவியோ தலைக்குள் காந்தம் ஈர்க்கும் உலோகமோ வைத்திருப்பவர்களுக்கு இது கூடாது. சோதனைகளில்கூட இதைப் பெரும்பாலும் மாத்திரையோடு சேர்த்தே தருகிறார்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.