பதினாறு வேலம்பாளையம்

எங்கள் ஊருக்குப் பெயரிலேயே ஒரு எண் உண்டு. வெறும் வேலம்பாளையம் இல்லை, 15 வேலம்பாளையம். "மீதிப் பதினாலும் எங்கீங்க?" என்று கேட்காத வெளியூர்க்காரர் கிடையாது. தனி நகராட்சியாக இருந்து திருப்பூர் மாநகராட்சிக்குள் போன பிறகும் எண் போகவில்லை. கண்டக்டருக்கோ தபால்காரருக்கோ இதில் குழப்பமே இல்லை. வேர்டு மென்பொருளுக்குத்தான் பிடிபடவில்லை.

எங்கள் பனியன் கம்பெனி லெட்டரில் முகவரிக்காக வரித் தொடக்கத்தில் '15. வேலம்பாளையம்' என்று அடித்து என்டர் தட்டினால், ஐயா பட்டியல் போடுகிறார் என்று அதுவாகவே முடிவுகட்டி, அடுத்த வரியில் 16 போட்டுக்கொண்டு நிற்கும். அங்கே ஊரை அடித்தால் '16. திருப்பூர்'. மாவட்டத் தலைநகரம் எங்களுக்கு அடுத்தபடி என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். முதலாளிக்குத்தான் ஆகவில்லை. "ஏனப்பா, பையர் பாத்தா என்ன நெனப்பான்?"

சரி, முகவரியை மவுஸால் பிடித்து லெட்டரின் அடியில் இழுத்துப் போடலாம் என்றால், வேலம்பாளையம் வரும், 15 வராது. அந்த எண்மேல் மவுஸை எவ்வளவு தேய்த்தாலும் கையில் சிக்காது. நாம் அடித்த எழுத்தை எடுத்துவிட்டு, பத்திக்குத் தானாக மாட்டிய வரிசை எண் அது. விடாப்பிடியாகப் பத்தி முழுவதையும் திருப்பூருக்குக் கீழே இழுத்தால், திருப்பூர் 15 ஆகிவிடும், நாங்கள் 16.

சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டோம். "பார்மட் அடிச்சுட்டா சரியாயிருமுங்ணா" என்றான். பிரிண்டர் ஓடாதபோதும் இதையேதான் சொன்னான். உண்மையில் வேலை ரொம்பச் சின்னது. எண் மாறிய அந்த நொடியே கன்ட்ரோல்-இசட் தட்டினால் நாம் அடித்தது திரும்பிவிடும். ஒரேயடியாக ஒழிக்க, ஆப்ஷன்ஸில் ப்ரூஃபிங், அதற்குள் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், 'ஆட்டோ ஃபார்மட் ஆஸ் யூ டைப்' பக்கத்தில் தானியங்கி எண் பட்டியலுக்கான டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இது மென்பொருள் செய்யும் கூத்து. மவுஸ் செய்வது வேறு ரகம். பனியன் கம்பெனி ஆபீஸில் கட்டிங் டேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு இருக்கும். பஞ்சுத்தூசி அதை மதிப்பதில்லை. மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தால் சென்சார் குழியில் ஓவர்லாக் நூல் பிசிறு ஒன்று சுருண்டு படுத்திருக்கும். திரையில் அம்பு துள்ளும். பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன சுவிட்ச் தேய்ந்துபோனால் இன்னும் மோசம். இழுத்துக்கொண்டு போகும்போது கண்ணிமைக்கும் நேரம் தொடர்பு விட்டுப்போகும், நாம் விரலை எடுத்துவிட்டோம் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும், பத்தி பாதி வழியில் விழும். ஒரு பார்ட்டிக்கு அடித்த கடிதத்தில், 'பாக்கித் தொகையை உடனே அனுப்பி வைக்கவும்' என்ற வரி பொங்கல் வாழ்த்துக்கு நடுவே போய் விழுந்தது. முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, "இதுதானப்பா எடம், அப்படியே அனுப்பு" என்று சொல்லிவிட்டார்.

வேறு மவுஸை மாட்டி அதே பத்தியை இழுத்துப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். பத்தி இரண்டு இடத்திலும் இருந்தால் பேய் பிசாசு ஒன்றுமில்லை, கன்ட்ரோல் கீமேல் யாருடைய கையோ இருந்திருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு விட்டால் நகர்வதற்குப் பதில் நகல் எடுக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பைல் என்றால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். யூனிகோடில் 'கெ'யின் கொம்பு ககரத்தோடு சேர்ந்தே வரும். பாமினியில் கொம்பு தனி எழுத்து. ஒரு எழுத்து தள்ளிப் பிடித்தால் 'கெட்டித் துணி'யில் 'கட்டித் துணி' கிளம்பிப் போய், கொம்பு மட்டும் பழைய வரியில் காவலுக்கு நிற்கும்.

இழுக்கிற வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கம் இருக்கிறது. இழுத்துப் போடும் வசதியை அங்கே அணைத்துவிடலாம். பிறகு எஃப்-2 போதும். நகர்த்த வேண்டியதைத் தேர்ந்து எஃப்-2 அழுத்தினால், எங்கே கொண்டுபோய் வைக்கட்டும் என்று திரையின் அடியில் இங்கிலீஷில் கேட்கும். இடத்தைக் காட்டி என்டர் தட்டும்வரை ஒரு எழுத்தையும் அசைக்காது. எங்கள் ஆபீஸில் கேட்டுவிட்டு வேலை செய்வது அது ஒன்றுதான்.