சொட்டச் சொட்டக் கேள்விகள்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் திரவங்களைப் பற்றியே. கரியாஹாட், லேக் மார்க்கெட், ஜாதவ்பூர் வட்டாரத் தமிழ் வீடுகளில் செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது போலிருக்கிறது. சில கடிதங்களைப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், சிலவற்றைப் பிள்ளைகள் பேரில் அப்பாக்கள் எழுதியிருக்கிறார்கள். சாருக்குத் தெரிந்துவிடும் என்று பலர் கெஞ்சியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

பாகுநிலை அளக்கும் ஆஸ்ட்வால்ட் குழாயில் திரவம் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கும் நேரத்தைக் குறிக்கிறோம். மூன்று முறை எடுத்ததில் 0.2 நொடி முன்னே பின்னே வந்தால் சார் மறுபடியும் செய்யச் சொல்கிறார். இதற்கெல்லாம் இத்தனை அமர்க்களமா?
(பி.எஸ்ஸி. மாணவி, ஜாதவ்பூர்)

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோட்டைப் பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். அந்த யு வடிவக் குழாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நேரம். குமிழில் நிற்கும் திரவம் தன் எடையாலேயே ஒரு நுண்குழாய் வழியாக இறங்குகிறது. முதலில் தண்ணீர், பிறகு உங்கள் மாதிரி. இரண்டின் நேரத்தையும் அதனதன் அடர்த்தியால் பெருக்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், தண்ணீரைப்போல் இது எத்தனை மடங்கு கெட்டி என்பது வந்துவிடும். அந்தக் கெட்டித்தன்மைக்குப் பெயர்தான் பாகுநிலை. ஆக மொத்தக் கணக்கும் தண்ணீரின் தலையில் நிற்கிறது.

அந்தத் தண்ணீர் அப்படியொன்றும் நிலையான ஆசாமி இல்லை. அதன் பாகுநிலை 20 டிகிரியில் 1.002 மில்லிபாஸ்கல்-நொடி, 25-ல் 0.890, 30-ல் 0.797. பத்து டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. விளக்கெண்ணெய் இன்னும் மோசம்: 20 டிகிரியில் 986 இருப்பது 30-ல் 451-க்கு இறங்கிவிடும். காலையில் ஒருவரும், மின்விசிறி நின்றுபோன மதியத்தில் இன்னொருவரும் அளந்தால் இரண்டு பேரும் இரண்டு வேறு எண்ணெய்களை அளந்த கதைதான். அதற்காகத்தான் குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, டிகிரியில் நூறில் சில பங்குக்கு மேல் நகராமல் கட்டிக் காக்கிறார்கள்.

இப்போது உங்கள் சாருக்கு ஒரு சங்கடம். இருநூறு நொடி ஓடும் திரவத்தில் 0.2 நொடி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. தொட்டியில் அரை டிகிரி தவறினால் தண்ணீரிலேயே நூற்றுக்கு ஒன்று போய்விடும், அதாவது பத்து மடங்கு பெரிய பிழை. நிறுத்துக்கடிகாரத்தில் கறாராகவும் வெப்பமானியில் தாராளமாகவும் இருக்கும் ஆய்வகங்கள் உண்டு. அடுத்த முறை பணிவாக, 'தொட்டி எத்தனை டிகிரி சார்?' என்று கேளுங்கள். பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.

பிப்பெட்டில் ஒரு சொட்டு கூடினாலும் திட்டு விழுகிறது. தோழியின் கல்லூரியில் எவ்வளவு ஊற்றினாலும் கவலையில்லையாம். எப்படி?
(அதே கல்லூரியிலிருந்து வேறொருவர்)

தோழியிடம் இருப்பது மூன்று கால் வைத்த உபெலோட் குழாய். உங்கள் ஆஸ்ட்வால்டில் அதிகம் ஊற்றினால் கீழே நிற்கும் மட்டம் உயர்ந்து, திரவத்தைத் தள்ளும் உயரம் குறைந்துவிடும். உபெலோடில் அந்த மூன்றாவது கால், நுண்குழாயின் அடியில் காற்றை விட்டு, திரவத்தை அங்கேயே அறுத்துவிடுகிறது. கீழே எத்தனை நின்றால் என்ன, மேலே உள்ளதற்குத் தெரியாது. விலை கொஞ்சம் அதிகம், கழுவுவது ரொம்பக் கஷ்டம்.

பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கரியாஹாட் நடைபாதையில் நூறு அடி நகர்வதற்குள் உயிர் போகிறது. அந்தக் கூட்டத்துக்கும் பாகுநிலை உண்டா?
(புடவை வாங்கப்போய் வெறுங்கையோடு திரும்பியவர், கரியாஹாட்)

கூட்டத்தைக் குழாயில் ஊற்ற முடியாது. ஆனால் நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், சிறு நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப்போய், 1840-களில் நுண்குழாய் ஓட்டத்துக்கான விதியைச் சொன்னார். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் அளவு பாதியாகாது, கால்வாசியும் ஆகாது, பதினாறில் ஒன்றாகிவிடும். நாலாம் அடுக்கு! கடைகள் இருபுறமும் இரண்டடி முன்னே வந்தால் நடுவில் இருப்பவர் நசுங்குவது ஏன் என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் வைத்து இங்குள்ள நடைபாதைக் கடைகளை ராத்திரியோடு ராத்திரியாக அகற்றினார்கள். குழாய் கொஞ்ச நாள் அகலமாக இருந்தது. பிறகு கடைகள் திரும்பி வந்தன, நீங்களும் திரும்பி வந்தீர்கள்.

ஆனால் உவமை அதற்குமேல் ஓடாது. எண்ணெய் நடுவழியில் நின்று பேரம் பேசுவதில்லை.

ஆய்வகத்துக்கு இதில் விஷயம் உண்டு. நுண்குழாயின் உட்சுவரில் பழைய மாதிரி காய்ந்து ஒட்டி, ஆரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் நேரம் நூற்றுக்கு நான்கு கூடும். கண்ணுக்குத் தெரியாத படலம், ஆனால் விடையில் பளிச்சென்று தெரியும். குழாயைக் கழுவி, அசிட்டோன் விட்டு உலர்த்தச் சொல்லும் லேப் உதவியாளரைச் சபிக்காதீர்கள்.

கெட்டியாக இருப்பதுதானே கனமாகவும் இருக்கும்?
(பிளஸ் ஒன் மாணவன், டாகுரியா)

பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். அதன் பாகுநிலையோ ஒன்றரை மடங்குதான், ஓடு ஓடு என்று ஓடும். கடுகெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் ஊற்றிப் பாருங்கள். பால்காரரிடம் வைத்துப் பார்க்கும் லாக்டோமீட்டர் அளப்பது அடர்த்தியை. அதைப் பாகுமானி என்று எழுதினால் சைபர்தான்.

கரியாஹாட் சந்தையில் வாங்கிய கடுகெண்ணெய் வழக்கத்தைவிட நீர்த்தாற்போல் இருக்கிறது. பாகுநிலையை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்கலாமா?
(நாற்பது வருஷமாக இங்கே இருந்தும் நல்லெண்ணெயை விடாத மாமி)

மாமி, நீங்கள் வாங்கிய நாள் எவ்வளவு வெயில் என்று எழுதவில்லையே! சித்திரையில் எல்லா எண்ணெயும் நீர்த்துத்தான் இருக்கும்.

கொஞ்சம் கலந்ததைப் பாகுநிலை காட்டிக்கொடுக்காது. சமையல் எண்ணெய்கள் பலவற்றின் பாகுநிலை ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பவை. ஒன்றில் இன்னொன்றைச் சேர்த்தால் குழாய்க்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். அதனால் உணவு ஆய்வகங்கள் வேறு வழிகளில் பிடிக்கின்றன. எண்ணெய்க்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை 40 டிகிரியில் அளப்பது ஒன்று, கடுகெண்ணெய்க்கு அந்த எண் 58-லிருந்து 60.5-க்குள் இருக்க வேண்டும். அயோடின் மதிப்பு, பிரமதண்டு விதை எண்ணெய்க்கான சோதனை எல்லாம் தனி.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 1988-ல் நம் ஊர் பெஹாலாவில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் கலந்த சமையல் எண்ணெயைச் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோருக்குக் கை கால் செயலிழந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். கண்ணும் விரலும் இந்த வேலைக்கு உதவாது. முத்திரையில்லாத தகர டின்னை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இட்லி மாவை ஆய்வகத்தில் அளக்க முடியுமா?
(லேக் மார்க்கெட்டில் பியுலி தால் வாங்கி உளுந்து என்று திருப்திப்பட்டுக்கொள்பவர்)

முடியும், ஆனால் மாவு ஒரே பதிலைச் சொல்லாது. தண்ணீர், விளக்கெண்ணெய் எல்லாம் நியூட்டன் சொன்னபடி கேட்கும் பிள்ளைகள். வேகமாகக் கலக்கினாலும் மெதுவாகக் கலக்கினாலும் பாகுநிலை ஒன்றே. புளித்த மாவு அப்படியில்லை. வேகமாகக் கலக்கினால் இளகும், விட்டுவிட்டால் மறுபடி இறுகும். கரண்டியில் எடுத்தால் குவிந்து நிற்கும், தட்டினால் குழியில் பரவும். இந்தக் குணத்தால்தான் இட்லி இட்லியாகிறது.

இதை நுண்குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். இதற்குச் சுழல் பாகுமானி இருக்கிறது, பல ஆய்வகங்களில் புரூக்ஃபீல்ட் என்றே அழைப்பார்கள். ஒரு தண்டை மாவுக்குள் இறக்கிச் சுழற்றி, மாவு அதை எவ்வளவு முறுக்கித் தடுக்கிறது என்று பார்க்கும். அறிக்கையில் எந்தத் தண்டு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை டிகிரி, சுற்ற ஆரம்பித்து எத்தனை நேரம் கழித்துப் படித்தது என்று நாலையும் எழுத வேண்டும். இவை இல்லாமல் 'மாவின் பாகுநிலை இவ்வளவு' என்று யாராவது கொடுத்தால், அந்தக் காகிதத்தில் வடையை வைத்து எண்ணெய் ஒற்றிக்கொள்ளுங்கள்.

மிஷ்டி தோய் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மண்சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாமல் இருக்கும்வரை அது கூழ்மத் திண்மம். ஸ்பூனைப் போட்டு உடைத்தபின்தான் ஓட்டம் பற்றிய பேச்சே. உடைத்தபின் பழைய இறுக்கம் திரும்பாது. அளப்பதற்கு முன் சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

சர் சி.வி. ராமனுக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தொடர்பு தெரியும். பாகுநிலைக்கும் அவருக்கும் ஏதாவது உண்டா?
(ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கரியாஹாட்)

உண்டு, பலர் மறந்தது. 1907-ல் நிதித்துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்தவர், ஆபீஸ் நேரம் போக மிச்சத்தை பௌபஜார் தெரு 210-ம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் கழித்தார். பிறகு வேலையையே விட்டுப் பேராசிரியரானார். 1923-ல் 'நேச்சர்' இதழில் திரவங்களின் பாகுநிலைக்கு ஒரு கோட்பாடு என்ற பொருளில் சிறு கட்டுரை எழுதினார். வாயுக்களின் பாகுநிலைக்கு நல்ல விளக்கம் அப்போதே இருந்தது. திரவம் ஏன் இப்படி நடக்கிறது, சூடேறினால் ஏன் இவ்வளவு சடுதியில் இளகுகிறது என்பதற்குத்தான் யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதிலிருந்து பதில் தேடினார் ராமன்.

ஐந்து வருஷம் கழித்து 1928 பிப்ரவரியில் வந்த ராமன் விளைவும் திரவங்களில்தான் முதலில் சிக்கியது. அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களைச் சுத்தப்படுத்தி ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்பு, பகுதிநேரமாக அங்கே வந்து வேலை செய்த வெங்கடேசுவரன் பார்த்த கிளிசரினில் சிதறிய ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சையாகத் தெரிந்தது. பிறகு வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணன் முழுமூச்சாக இறங்கினார். தண்ணீரைப்போல் ஆயிரத்து நானூறு மடங்கு கெட்டியான ஒரு திரவத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கழகம் இப்போது ஜாதவ்பூரில் இருக்கிறது. கரியாஹாட்டில் ஆட்டோ ஏறினால் போய்விடலாம்.

வடகொல்கத்தா பழைய மாளிகைகளில் ஜன்னல் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடிமனாக இருக்கிறது. கண்ணாடி மெல்ல வழிகிறதா?

இல்லை. அந்தக் காலத்தில் தகட்டைச் சீராகச் செய்யத் தெரியாது. கண்ணாடி வழிந்து பார்க்க வேண்டுமென்றால் உலைக்குள் போக வேண்டும். சாதாரண சோடாக் கண்ணாடி இளகுவதே 700 டிகிரிக்கு மேல். ஒரு மெல்லிய கண்ணாடி இழையை உலையில் தொங்கவிட்டு, தன் எடையில் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நீளும் வெப்பநிலையைக் குறிப்பார்கள். அதுவும் பாகுநிலை அளவுதான். 1950-லிருந்து நம் ஜாதவ்பூரில் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கண்ணாடியின் குணங்களை ஆராய்வதுதான் அவர்கள் தொழில்.

மெதுவாக வழிவதைத்தான் பார்க்க வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். 1927-ல் தாமஸ் பார்னெல் புனலில் ஊற்றிய தார்க்கட்டியிலிருந்து 2014 வரை ஒன்பது சொட்டு. தண்ணீரைப்போல் அது இருபத்துமூவாயிரம் கோடி மடங்கு கெட்டி.

அரை சதவீதப் பிழைக்கு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். நியாயமா?
(மாணவனின் அப்பா என்று கையெழுத்து, எழுத்து மாணவனுடையது)

மில்லிகனைக் கேளுங்கள். எண்ணெய்த் துளிகளை வைத்து எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து நோபல் வாங்கியவர். அவர் விடையில் நூற்றுக்கு அரைக்குச் சற்று மேல் குறைந்தது. காரணம், துளி விழும் காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் கொஞ்சம் தப்பு. அது புலப்பட இருபது வருஷம் போல் ஆயிற்று. உங்களுக்கு மார்க் போனது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, கொடுத்துவைத்தவர்.

வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.
(பலர்)

உயரமான கண்ணாடி ஜாடி, விளக்கெண்ணெய், இரண்டு மில்லிமீட்டர் எஃகுப் பேரிங் குண்டுகள். ஜாடியில் மேலே கொஞ்சம் விட்டு ஒரு கோடு, கீழே இருபது சென்டிமீட்டரில் ஒரு கோடு. குண்டை எண்ணெயில் நனைத்து நடுவில் விடுங்கள், ஓரத்தில் உரசினால் கணக்கு கெடும். செல்போனில் வீடியோ எடுத்து நேரத்தைக் குறியுங்கள். 30 டிகிரியில் நொடிக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர் இறங்க வேண்டும், திரவத்தில் விழும் குண்டுக்கான ஸ்டோக்ஸ் விதியின் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. தண்ணீரில் முயலாதீர்கள், குண்டு சுழலைக் கிளப்பிக்கொண்டு போய்விடும், ஸ்டோக்ஸ் அங்கே பேசமாட்டார். எண்ணெயை ஒரு நாள் குளிர்ந்த காலையிலும் ஒரு நாள் மதியத்திலும் அளந்து விடைகளை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். எத்தனை டிகிரியில் அளந்தீர்கள் என்று எழுதாத கடிதங்கள் பிரிக்கப்படமாட்டா.