சக்கரம் வைத்த நாற்காலி

களம்பூருக்கு எட்டும் தூரத்தில் ஒரு கல்லூரி. பெயர் எதற்கு? அங்கே ‘கற்றல் வெளி’ திறந்திருக்கிறார்கள். இனி ‘வகுப்பறை’ என்று சொல்பவன் பட்டிக்காட்டான். 60 பேருக்கு 66 சதுர மீட்டர் என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அளவு இம்மியும் பிசகவில்லை. பிள்ளைகள் வட்டமாகக் கூடி விவாதிக்கச் சக்கரம் வைத்த நாற்காலிகள். அவை உருண்டு ஓடிவிடாதபடி சங்கிலியால் பிணைத்திருப்பதுதான் தொலைநோக்கு! ஸ்மார்ட் போர்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறுகின்றன. அறைச் சாவி கல்லூரி முதல்வரிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டைப் பாருங்கள், எவ்வளவு பிற்போக்கு! ஒரு குழி, உட்காரப் பலகை, தலைக்கு மேல் ஒற்றை பல்பு. மகள் பக்கத்தில் குந்தி, அறுந்த இழையை முடிந்து முடிந்தே தொழிலைக் கற்றுவிடுகிறாள். ‘கற்றல் விளைவு’ப் படிவம் ஒன்றுகூட நிரப்பாமல்! இதையெல்லாம் கல்வி என்று எப்படி ஒப்புவது?

ஆய்வுக் குழு வந்த அன்று மாணவர்களுக்கு விடுமுறை. தரை அழுக்காகக் கூடாதல்லவா? கீறல் விழாத மேசைகளைக் கண்டு குழு உருகிப்போனது.

பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பது களம்பூரிலுள்ள ஆரணி ரோடு ரயில் நிலைய நடைமேடையில். நிர்வாகம் சும்மா இருக்குமா? அதையும் ‘திறந்தவெளிக் கற்றல் மையம்’ என்று அறிக்கையில் சேர்த்தாயிற்று. ரயில்கள் படிப்புக்கு இடைஞ்சலாக வந்துபோவதாக ரயில்வேக்கு மனுவும் போயிருக்கிறது.