வங்காள கவர்னர் ஆவது எப்படி?

முதலில் சரியான வீட்டில் பிறக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. மற்ற தகுதிகளைப் பிற்பாடு தேடிக்கொள்ளலாம், இதை முடியாது. ஃபிரான்சிஸ் ஸ்டான்லி ஜாக்சன் 1870 நவம்பர் 21 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இந்தக் காரியத்தைக் கச்சிதமாக முடித்தார். அப்பா தோல் தொழிலில் பணம் சேர்த்தவர். கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி.; பிறகு மந்திரி; கடைசியில் பிரபு. பையன் செய்ய வேண்டியது, சொன்ன பள்ளிக்கூடத்துக்குப் போவது மட்டும்தான்.

பள்ளிக்கூடம் ஹாரோ. அங்கே சின்னப் பையன்கள் பெரிய பையன்களுக்கு எடுபிடி வேலை செய்வது வழக்கம். ஜாக்சனுக்கு வாய்த்த எடுபிடியின் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். உங்களுக்கு எடுபிடி அமையும்போதும் கொஞ்சம் பார்த்து எடுங்கள். அதே பள்ளியில் சில வருஷம் முன்னால் படித்துவிட்டுப் போனவர் ஸ்டான்லி பால்ட்வின். இந்தப் பெயரை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, வங்காளத்தைப் பற்றிய படிப்பு. அது வேண்டாம். நிலவரி, சணல் விலை, ஆற்று வெள்ளம் என்று மாய்ந்து மாய்ந்து படித்து, ஐ.சி.எஸ். பரீட்சை எழுதி, ஜில்லா ஜில்லாவாகக் கொசுக்கடி பட்டவர்களுக்குப் பஞ்சாப், பீகார் மாதிரி மாகாணங்கள் கிடைக்கும். சென்னை, பம்பாய், வங்காளம் மூன்றும் லண்டன் பெரிய மனிதர்களுக்கென்று இலை போட்டு வைத்த பந்தி. இதில் சென்னைவாசிகள் கல்கத்தாவைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டவர்களைத் தள்ளிவிட்டால், 1929 முதல் 1946 வரை இங்கே கவர்னராக இருந்த ஸ்டான்லி, எர்ஸ்கின், ஹோப் மூவருமே பிரிட்டிஷ் எம்.பி.க்களாக இருந்தவர்கள்தான். வடசென்னையில் அந்தப் பெயரில் ஆஸ்பத்திரி இருப்பதால், ஸ்டான்லி யாரோ பெரிய டாக்டர் என்று பலருக்கு நினைப்பு.

சரி, படிப்புக்குப் பதில் என்ன? கிரிக்கெட். கேம்பிரிட்ஜ் அணிக்குத் தலைவராகுங்கள். 1892-93 குளிர்காலத்தில் ஹாக் பிரபுவின் அணியோடு இந்தியா வந்து விளையாடிவிட்டுப் போங்கள். இந்திய அனுபவம் என்ற பத்தியில் எழுத அது போதும். திரும்பியதும் ரஞ்சித்சிங்ஜி என்ற இந்திய மாணவருக்கு அணியில் இடம் கொடுங்கள். (கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும்: அது நல்ல காரியம்.) பிறகு 1905இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் தலைவராக ஐந்து டெஸ்டிலும் டாஸ் ஜெயித்து, இரண்டில் வென்று, ஒன்றிலும் தோற்காமல், மட்டையடி சராசரியிலும் பந்துவீச்சு சராசரியிலும் நீங்களே முதலில் நில்லுங்கள். எதிரணித் தலைவர் ஜோ டார்லிங்கும் ஜாக்சனும் ஒரே வருஷம், ஒரே தேதியில் பிறந்தவர்கள். காசு மட்டும் ஐந்து முறையும் ஒருவர் பக்கமே விழுந்ததற்கு ஜோசியர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பார்லிமெண்ட்டை இதற்கு இடையில் எங்காவது செருகிக்கொள்ளலாம். ஜாக்சன் 1915இல் ஹௌடன்ஷயர் இடைத்தேர்தலில் உள்ளே போனார். யுத்த இலாகாவில் சின்னதாக ஒரு பதவி. 1923இல் கட்சித் தலைமையகத்தின் சேர்மன். அந்த வருஷத் தேர்தலில் கட்சி பெரும்பான்மையை இழந்தது. 1924இல் நானூறுக்கு மேல் இடங்களோடு திரும்பியது. பிரதமர் யார்? முடிந்து வைத்தீர்களே, அந்தப் பால்ட்வின். 1927இல் ஐந்து கோடிப் பேர் வாழும் மாகாணம் ஜாக்சன் கைக்கு வந்தது. அந்த ஐந்து கோடியில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. கேட்பது விதியிலேயே இல்லை.

கல்கத்தாவில் வீடு தேட வேண்டியதில்லை. வெல்லெஸ்லி 1803இல் கட்டி முடித்த மாளிகை இருக்கிறது. சாலையைத் தாண்டினால் ஈடன் கார்டன்ஸ். வெயில் ஏறினால் டார்ஜிலிங். ஆட்சிமுறையும் கஷ்டமில்லை. இரட்டையாட்சி என்று பெயர்: கல்வி, சுகாதாரம் போன்றவை இந்திய மந்திரிகளுக்கு, கஜானாவும் போலீஸும் உங்கள் பக்கத்துக்கு. பள்ளிக்கூடம் இல்லை என்று ஜனங்கள் மந்திரியைத் திட்டுவார்கள். திட்டுவது எல்லை மீறினால் போலீஸ் உங்களிடம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரே குறை, வங்காள இளைஞர்கள் அதற்குள் அடங்க மறுத்தது. 1930 ஏப்ரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கு தாக்கப்பட்டது. டிசம்பர் 8 அன்று பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள் கோட்டும் சூட்டுமாக ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் நுழைந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அது அப்போது அரசின் தலைமைச் செயலகம். கவர்னர் மாளிகையிலிருந்து நடந்தே போகலாம். கட்டிடத்துக்கு முன்னால் இருக்கும் டல்ஹௌசி சதுக்கம் இன்று அந்த மூவரின் பெயரில் இருக்கிறது. 1931 செப்டம்பரில் ஹிஜ்லி முகாமில், விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, இருவர் செத்தார்கள். கவர்னராக விரும்புவோர் இந்தப் பாராவை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

இனி பட்டமளிப்பு விழா. கவர்னரே பல்கலைக்கழக வேந்தர் என்பதால் தப்பிக்க வழியில்லை. 1932 பிப்ரவரி 6 அன்று செனட் ஹவுஸில் ஜாக்சன் பேசிக்கொண்டிருந்தபோது, பட்டம் வாங்க வந்திருந்த இருபது வயது பீனா தாஸ் எழுந்து ஐந்து முறை சுட்டார். ஜாக்சன்மேல் ஒன்றும் படவில்லை. பேச்சாளர் நகர்ந்துகொண்டார், பந்தைக் கவனித்துப் பழகிய கண். துணைவேந்தர் ஹசன் சுஹ்ரவர்தி பாய்ந்து பிடித்தார். அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. பீனாவுக்கு ஒன்பது வருஷக் கடுங்காவல். அவருடைய பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது 2012இல். வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

பீனாவின் அப்பா வேணி மாதவ் தாஸ், சுபாஷ் சந்திர போஸின் பள்ளி ஆசிரியர். ஜாக்சன் என்ற மனிதரோடு தனக்குப் பகை இல்லை, அவர் உட்கார்ந்திருந்த பதவியும் அதன் பின்னால் இருந்த ஆட்சியும்தான் தன் குறி என்று பீனா நீதிமன்றத்தில் சொன்னார். வங்காள கவர்னர் என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் ஒருவராவது ஒழுங்காகப் படித்திருந்தார்.

அந்த வருஷமே ஜாக்சன் ஊர் திரும்பினார். அடுத்து வந்தவர் ஜான் ஆண்டர்சன். அயர்லாந்து அடக்குமுறைக் காலத்தில் டப்ளினில் பணிபுரிந்த அதிகாரி. இந்த முறை அனுபவம் பார்த்திருக்கிறார்கள், எந்த அனுபவம் என்பது வேறு விஷயம். ஜாக்சன் 1934இல் இங்கிலாந்து கிரிக்கெட் தேர்வுக் குழுவுக்குத் தலைவரானார். அந்த வேலைக்கு ஆட்டம் தெரிந்த ஆளைத்தான் போடுவார்கள்.